படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்’ என்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

வாயால் சொல்லும் பதில் எடுபடாது. ராத்திரி பத்து மணிக்கு வந்து காலை ஆறு மணிவரை இருக்கச் சொல்லுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாமியார் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வரி நாளுக்கு 12 முறை, வாரத்துக்கு 84 முறை. டயப்பர் பார்த்து, துடைத்து, தலையணை வைத்து முடிக்க 15 நிமிடம் என்றால் நாளுக்கு 3 மணி நேரம். நேரம்கூடப் பரவாயில்லை, தூக்கம்தான் துண்டு துண்டாகிறது. பார்த்துக்கொள்கிறவர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆகவே முதலில் ராத்திரியைச் சரிசெய்யுங்கள். அழுத்தம் குறைக்கும் படுக்கை இருந்து, தோலும் நன்றாக இருந்தால், இடைவெளியை 3 மணி, பிறகு 4 மணி என்று நீட்ட முடியும். டாக்டரையோ நர்ஸையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் இடுப்பெலும்பு, வால் எலும்பு, குதிகால், கணுக்கால் நான்கையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்காவிட்டால் புண் ஆரம்பித்துவிட்டது, இடைவெளியைப் பழையபடி குறையுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்கள் வருவார்கள். தேய்த்தால் உள்ளே இருக்கும் திசு இன்னும் சிதையும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம், அது விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காற்றுப் படுக்கை வாங்கியவர்கள் செய்யும் தப்பு, அதன் மேல் ரப்பர் ஷீட், மடித்த போர்வை என்று அடுக்குவது. ஒரே ஒரு விரிப்பு போதும். அவர் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, படுக்கைக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். இடையில் 2.5 செ.மீ. அளவாவது காற்று இல்லையென்றால் அவர் பலகையில் படுத்திருப்பதாகத்தான் அர்த்தம். கரண்ட் போனால் காற்றும் இறங்கும், அடியில் நல்ல பஞ்சு மெத்தை ஒன்று இருக்கட்டும்.

திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள்பட்டை விலகிவிடும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் உள்ள முழங்காலை மடக்கி, அந்தப் பக்கத்துக் கையை மார்பின் குறுக்கே வைத்து, தோளிலும் இடுப்பிலும் பிடித்து உங்கள் பக்கம் உருட்டுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்கால்களுக்குக் கீழே ஒன்று. குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். கட்டில் தாழ்வாக இருந்தால் ஒரு முழங்காலைக் கட்டில்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடுத்த நோயாளி நீங்கள்தான்.

சாப்பாடு கொடுக்கும்போது கூடியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் புரையேறும். தலைப்பக்கத்தை உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். அதைச் செய்யாவிட்டால் உடம்பு சறுக்கும், தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். ‘நன்றாகத்தான் பார்த்தேன், எப்படிப் புண் வந்தது’ என்பவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தச் சறுக்கலைத்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மாத்திரை அட்டையில் பெயரை ஒரே ஒரு மூலையில் அச்சடிப்பவர்கள் என்ன நினைத்து அச்சடிக்கிறார்கள்? பாதி அட்டை வெட்டி வாங்கினால் பெயரும் இல்லை, காலாவதி தேதியும் இல்லை. வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது, மருந்தே மொத்தமாக இறங்கிவிடும்.

இனி உறவினர்கள். ‘பெரியவர்களைப் பார்க்க ஷிப்ட் போடுவாளா ஒருத்தி’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரே நர்ஸ் 24 மணி நேரமும் நிற்பதில்லையே. உலகில் கூலியில்லாமல் நடக்கும் வீட்டு, பராமரிப்பு வேலை நேரத்தில் 76.2 சதவீதம் பெண்களுடையது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்குக் காட்டியது. அதில் உங்கள் பங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பாவமில்லை.

வெறுமனே ‘உதவி செய்யுங்கள்’ என்று கேட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். வாரத்தில் இரண்டு ராத்திரி, பெயரும் நேரமும் போட்டுக் கேளுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு மருந்து வரவழைப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, பில் கட்டுவது என்று வேலை பிரித்துக் கொடுங்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: மணி, எந்தப் பக்கம், சிறுநீர், மலம், தண்ணீர், சாப்பாடு, மாத்திரை. முதல் இரண்டு ராத்திரி கூட இருந்து செய்துகாட்டுங்கள். மூன்றாவது ராத்திரி டயப்பரை அவர்கள் கண்ணில் படும் இடத்தில் எடுத்துவைத்துவிட்டு, வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், கீழே விழுந்தது இவற்றுக்கு மட்டும்தான் எழுப்பலாம் என்று அந்தத் தாளிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.