அம்மாவை யாரிடம் கூட்டிப் போவது?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2009இல் தம்பி காணாமல் ஆக்கப்பட்டார். 67 வயது அம்மாவுக்கு நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்கிறார். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. 'ட்ரோமா தெரபிஸ்ட்' (மனக்காயத்துக்குச் சிகிச்சை தருபவர்) என்று பலகை போட்ட ஒருவர் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்கிறாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள், தங்கச்சி. ஒரு தடவை போய்ப் பாருங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள். பத்தாவது அமர்வில் சுகம் வருமென்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். உளவளத்துணையாளர் என்று யாரும் பலகை மாட்டலாம், கேட்பாரில்லை. போரும் சுனாமியும் கண்ட மண்ணில் இத்தனை வருடமாகியும் இதை ஒழுங்குபடுத்தவில்லையே என்று எனக்குப் பொறுக்க முடியாத கோபம். இரண்டு நாள் பட்டறைக்கும் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆகவே கேளுங்கள்: எங்கே, எத்தனை மாதம் படித்தீர்கள்? உங்களை மேற்பார்வை செய்வது யார்? கோபப்பட்டால் எழும்பி வாருங்கள்.

அடுத்த பொறி, 'எல்லாவற்றையும் கொட்டினால்தான் ஆறும்' என்று முதல் நாளே கிளறுவது. அப்படிக் கிளறினால் உடம்பு அந்த நாளுக்கே திரும்பிப் போய்விடக்கூடும். பதற்றமும் நித்திரைக் குழப்பமும் கூடலாம். முதலில் நித்திரையும் பயமில்லாத ஓர் இடமும் வேண்டும். ஆனால் அம்மா தானாகவே சொல்லத் தொடங்கினால் மறிக்கக் கூடாது. தானாக என்றால், கேள்வி போட்டு இழுக்காமல், அவராகவே வாய் திறந்து. அழுதாலும் விடுங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நாமும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

என்னிடம் வந்த ஒரு தாய் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவைப் பாதி திறந்து, வாசல் தெரியும்படி கதிரையைத் திருப்பினேன். மூன்றாம் தடவைதான் கைப்பையிலிருந்து லேமினேட் செய்த படத்தை எடுத்தார். மகனுக்கு ஒடியல் கூழ் எவ்வளவு விருப்பம் என்பதில் தொடங்கினார். காணாமல் போன நாளை நான் கேட்கவில்லை.

'கீரிமலையில் அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் சடங்கு) செய்தால் மனம் அடங்கும்' என்று சொல்பவரிடம் அம்மாவை விடாதீர்கள். மகன் இல்லை என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. அதை அவர் வாயில் திணிப்பது கொடுமை. 'உயிரோடு இருக்கிறான்' என்று காசு வாங்கும் சாத்திரிமாரும் வேண்டாம். நம் பண்பாடு தெரிந்தவர், என்ன செய்ய விருப்பம் என்று அம்மாவையே கேட்பார். நெஞ்சு அடைக்கிறது என்றால் 'நோய் ஒன்றும் இல்லை' என்று தள்ளிவிடமாட்டார். நம் ஆட்களின் துக்கம் உடம்பால்தான் பேசும்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, இலவசம். சன நெரிசலில் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு அது போதுமா? இருந்தாலும் போங்கள், தனியாகக் கதைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அடித்துக் கேளுங்கள். அவசரமென்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம். சாக வேண்டும்போல இருக்கிறது என்று அம்மா சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது ஈசிஜி துண்டையும் குடிக்கிற குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.