சர்வர் 8, கிளையன்ட் 9: வாசகர் கேள்விகள்

கேள்வி: பைதானில் எழுதிய எங்கள் செயலி, எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளின் 8ஆம் பதிப்புச் சர்வருடன் பல மாதங்களாகச் சிக்கலின்றி இயங்கி வந்தது. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் வேறொரு கணினியில் நிறுவியபோது, எல்லாக் கோரிக்கைகளுக்கும் 400 (கோரிக்கை தவறானது) என்ற பிழையே வருகிறது. சர்வர் பழுதாகிவிட்டதா?

பதில்: சர்வரில் பழுது ஏதும் இல்லை. நிறுவ வேண்டிய நூலகங்களின் பட்டியலில் எலாஸ்டிக்சர்ச் என்ற பெயரை மட்டும் எழுதி, பதிப்பெண்ணுக்கு மேல்வரம்பு குறிக்காமல் விட்டிருப்பீர்கள். அதனால் பைதானின் நிறுவல் கருவியான பிப், புதிய கணினியில் கிளையன்ட்டின், அதாவது உங்கள் செயலி சர்வருடன் பேசப் பயன்படுத்தும் நூலகத்தின், 9ஆம் பதிப்பை இறக்கியிருக்கும். அந்தக் கிளையன்ட், தான் 9ஆம் பதிப்பின் வடிவிலேயே பேசுவதாக ஒவ்வொரு கோரிக்கையின் அக்செப்ட் ஹெடரிலும் (எந்த வடிவில் பதில் வேண்டும் என்று சொல்லும் தலைப்புக் குறிப்பு) அறிவிக்கிறது. 7, 8 ஆகிய இரண்டை மட்டுமே அறிந்த உங்கள் சர்வர் அதை ஏற்க மறுக்கிறது. பிழைச் செய்தியை முழுமையாகப் படித்தால், 8 அல்லது 7 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருப்பதாக அதுவே சொல்வதைக் காணலாம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தியைப் படிக்காமல் விடுவதால்தான் பலர் நாள் கணக்கில் சர்வரைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

பட்டியலில் கிளையன்ட்டை 9க்குக் கீழே என்று வரையறுத்து மீண்டும் நிறுவுங்கள், அதுவே போதும். பின்னர் 9க்கு மாற விரும்பினால் முதலில் சர்வரை உயர்த்துங்கள். 9ஆம் பதிப்புச் சர்வர் 8ஆம் பதிப்புக் கிளையன்ட்டின் கோரிக்கைகளைப் புரிந்துகொள்ளும் என்பதால், கிளையன்ட்டை நிதானமாகச் சோதித்து மாற்ற அவகாசம் கிடைக்கும். தலைகீழாகச் செய்தால் இப்போது நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

இப்படி வெளிப்படையாக மறுப்பதை நான் வரவேற்கிறேன். 2019இல் வந்த 7.0 பதிப்பில், தேடல் முடிவுகளின் மொத்த எண்ணிக்கை வெறும் எண்ணாக இல்லாமல், மதிப்பும், அது துல்லியமானதா குறைந்தபட்சமா என்ற குறிப்பும் அடங்கிய பொருளாக மாறியது. எண்ணிக்கை இயல்பாக 10,000 வரைதான் துல்லியமாகக் கணக்கிடப்பட்டது. இந்த இரண்டாவது மாற்றம் எந்தப் பிழையையும் எழுப்பாது என்பதால், கவனிக்காதவர்களின் பக்கங்களில் தவறான எண்ணிக்கை அமைதியாக இடம்பெறக்கூடும். அதைக் கண்டறிவது உங்கள் 400ஐவிடப் பல மடங்கு கடினம்.

கேள்வி: ஓப்பன்சர்ச் சர்வருடன் எலாஸ்டிக்சர்ச் கிளையன்ட்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஓப்பன்சர்ச் 2021இல் எலாஸ்டிக்சர்ச் 7.10.2இலிருந்து பிரிந்தது, ஆனால் 7.14 முதல் எலாஸ்டிக்சர்ச்சின் பைதான் கிளையன்ட், எதிரில் இருப்பது எலாஸ்டிக்சர்ச்தானா என்று சரிபார்த்து, இல்லையென்றால் விலகிக்கொள்கிறது. பழைய கிளையன்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காலந்தள்ளுவதைவிட, ஓப்பன்சர்ச்சுக்கென்றே உள்ள கிளையன்ட்டுக்கு மாறிவிடுங்கள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால் பெரும்பாலான அழைப்புகளின் அமைப்பு ஒத்தே இருக்கும்.