வங்கியின் கணினி வீட்டுக் கடனை மறுத்துவிட்டால் காரணம் கேட்க முடியுமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு இணையம் வழி வங்கியில் கடன் கேட்டு, சில நிமிடங்களில் மறுப்பு வந்ததாகவும், சட்டப்படி என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் கேட்கலாம். ஆனால் சொல்லியே ஆகவேண்டும் என்று வங்கியைக் கட்டாயப்படுத்தும் உரிமை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. வங்கிகளைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் 2018இல் வெளியிட்ட ‘ஃபீட்’ (FEAT: நியாயம், நெறிமுறை, பொறுப்பு, வெளிப்படைத்தன்மை) கோட்பாடுகள், இயந்திரம் எடுத்த முடிவை மறுஆய்வு செய்யச் சொல்ல வாடிக்கையாளருக்கு வழி இருக்கவேண்டும் என்கின்றன. அவை வெறும் வழிகாட்டிதான். வீட்டுக் கடன் போன்ற பெரிய விஷயத்துக்கு இது போதவே போதாது.

பெரும்பாலும் சிக்கல் உங்கள் கடன் மதிப்பெண்ணில் இருக்காது, வருமானக் கணக்கில் இருக்கும். அதை முதலில் நீங்களே போட்டுப் பாருங்கள். மாதம் 5,000 வெள்ளியில் 1,500 கமிஷன் என்றால், நிலையில்லாத வருமானத்தில் 30% கழியும். மிஞ்சுவது 4,550. வீவக வீட்டுக்கான மாதத் தவணை இதில் 30%, அதாவது 1,365 வெள்ளியைத் தாண்டக்கூடாது. கார், கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து 55%தான் வரம்பு. தவணையை வங்கி 4% வட்டியிலாவது கணக்கிடும். விளம்பரத்தில் சொல்லும் வட்டியை வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்அடையாளம் வழியாக வங்கிக்குப் போகும் வரி மதிப்பீடு முந்தைய ஆண்டுக்கானது, சம்பள உயர்வு அதில் தெரியாது.

கணக்கு சரியாக இருந்தால், கடனை நீங்கள் கட்டிய விதத்தைப் பதிவு செய்யும் கிரெடிட் பீரோவின் அறிக்கையை எடுங்கள். மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இலவசமாகக் கிடைக்கும். மதிப்பெண் 1,000 முதல் 2,000 வரை. ஆனால் நான் பார்க்கச் சொல்வது, ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே வரும் 12 மாதக் கட்டங்களை. ‘ஏ’ இருந்தால் நல்லது. ‘பி’, ‘சி’, ‘டி’ என்று போகப்போக பாக்கி நின்ற நாள் கூடியிருக்கிறது. மறந்துபோன பழைய கார்டின் ஆண்டுக் கட்டணம்கூட அங்கே ‘டி’ ஆகக் கிடக்கலாம். பதிவு தவறென்றால் பீரோவிடம் திருத்தம் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பிறகு வங்கிக்கு எழுத்தில் மூன்று கேளுங்கள்: எந்தத் தரவு பயன்பட்டது, அது முடிவை எப்படிப் பாதித்தது, புதிய சம்பளச் சீட்டுகளோடு ஓர் அதிகாரி மறுபடி பார்ப்பாரா. ‘ஃபீட்’ பெயரைக் குறிப்பிடுங்கள். பதில் வரும்வரை வேறு வங்கிகளில் வரிசையாக விண்ணப்பிக்க வேண்டாம்; ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி செய்யும் விசாரணை பீரோவில் பதிவாகி மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.