பாதியாகிப்போன எஸ்.எம்.இ. பங்கு: ஆவரேஜ் செய்யலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியின் எஸ்.எம்.இ. பங்கை (சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தனிச் சந்தையில் கைமாறும் பங்கு) 132 ரூபாய் விலையில் இரண்டு லாட் (2,000 பங்குகள்) வாங்கினேன். 190 வரை போனது, இப்போது 71-ல் நிற்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துச் சிறு முதலீட்டாளர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். "பெரிய அரசு ஆர்டர் வருகிறது, ஏ.ஐ. பிரிவு ஆரம்பிக்கிறார்கள், இன்னும் இரண்டு லாட் போட்டு ஆவரேஜ் பண்ணுங்கள்" என்கிறார் அட்மின். சத்துவாச்சாரியில் ஒருவர், கணக்கைத் தன்னிடம் விட்டால் நஷ்டத்தை மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். லாபத்தில் 20 சதவீதம் கொடுத்தால் போதுமாம். என் மனைவி கணக்கில் போனஸாக வந்த 400 பங்குகள் விற்கவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: ஆவரேஜ், அதாவது இறங்கிய விலையில் மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது, வேண்டாம். சத்துவாச்சாரிக்காரரிடம் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் மனைவியின் 400 பங்குகளுக்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆவரேஜ் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இப்போதைய நிலையில், போட்ட பணம் திரும்பி வர, விலை 71-லிருந்து 132-க்கு, அதாவது 86 சதவீதம் ஏற வேண்டும். இன்னும் இரண்டு லாட் வாங்கினால் உங்கள் சராசரி விலை 101 ரூபாய் 50 காசு. 43 சதவீதம் ஏறினாலே போதும். அட்மின் இந்தப் பாதியை மட்டும்தான் சொல்வார். அதற்காக நீங்கள் புதிதாக 1,42,000 ரூபாய் போடுகிறீர்கள். விலை 40-க்கு இறங்கினால்? ஆவரேஜ் செய்யாமல் இருந்தால் நஷ்டம் 1,84,000. செய்திருந்தால் 2,46,000. ஆக, விலை இறங்கியிருக்கிறது என்பது இன்னும் வாங்குவதற்கான காரணம் ஆகாது. கம்பெனி நன்றாக இருக்கிறது என்பது காரணம் ஆகலாம். அது நன்றாக இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வியில் இல்லாத கேள்வி.

அதைப் பார்க்க ஆங்கிலப் புலமையெல்லாம் வேண்டாம். நீங்கள் அனுப்பிய மே மாத ரிசல்ட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு எண்கள் போதும். விற்பனை 18 கோடியிலிருந்து 31 கோடி ஆகியிருக்கிறது, லாபம் 4 கோடியைத் தாண்டியிருக்கிறது. குழுவில் கைதட்டல் விழுந்தது இதற்குத்தான். அதே பி.டி.எஃப்.பில் 'டிரேட் ரிசீவபிள்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். வாடிக்கையாளர்களிடம் நிற்கும் பாக்கி அது. 7 கோடியிலிருந்து 19 கோடி. அடுத்து, கேஷ் ஃப்ளோ பக்கத்தில் 'ஆபரேட்டிங் ஆக்டிவிட்டீஸ்' என்ற தலைப்பின் கடைசி எண்: அடைப்புக்குறிக்குள் மூன்றரைக் கோடி. அடைப்புக்குறி என்றால் மைனஸ். லாபம் 4 கோடி என்று சொன்ன அதே ஆண்டில், தொழிலிலிருந்து மூன்றரைக் கோடி வெளியே போயிருக்கிறது.

இது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய விஷயமே இல்லை. சித்தூர் பக்கத்துக் கடைக்காரருக்கு 90 நாள் கடனில் பேல் பேலாக லுங்கி அனுப்பிவிட்டு, பில் புத்தகத்தைக் காட்டி "இந்த வருடம் விற்பனை அமோகம்" என்று சொல்லலாம். நூல்காரனுக்கும் சாயப்பட்டறைக்கும் பணம் கொடுக்கிற அன்றுதான் நிஜம் தெரியும். இந்தக் கம்பெனியில் ஏழு மாத விற்பனைக்கும் மேலான தொகை பாக்கியில் நிற்கிறது. "அரசு வேலை, பணம் வரத் தாமதமாகும்" என்பார்கள். சரி, ஆகட்டும். ஆண்டறிக்கையில் பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஓராண்டு முதல் இரண்டு, அப்புறம் மேலே. அந்த அட்டவணையில் பணம் வலப்பக்கக் கட்டங்களுக்கு நகர நகர, அது வராத பாக்கி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கே உரிய இன்னொரு வித்தை உண்டு. 'இன்டான்ஜிபிள் அசெட்ஸ் அண்டர் டெவலப்மென்ட்' என்று ஒரு வரி வரும். உருவாகிக்கொண்டிருக்கும் மென்பொருள் என்று பொருள். புரோகிராமர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைச் செலவில் எழுதாமல், "எதிர்காலச் சொத்து" என்று இந்த வரியில் ஏற்றிவிடலாம். செலவு குறையும், லாபம் பெருகும். கணக்கியல் விதிகள் இதை அனுமதிக்கின்றன, உண்மையிலேயே பொருள் உருவாகிறது என்றால் தவறும் இல்லை. ஆனால் இந்த வரி வருடா வருடம் வீங்கி, விற்பனைக்கு வந்த மென்பொருள் எதுவும் இல்லை என்றால், நேற்றைய சம்பளத்தை இன்றைய லாபமாகக் காட்டுகிறார்கள். "ஏ.ஐ. பிரிவு" என்று அட்மின் குதிப்பது பெரும்பாலும் இந்த வரியைப் பார்த்துத்தான்.

மென்பொருள் கண்ணுக்குத் தெரியாத பொருள். அதன் விலை இவ்வளவு என்று யாரும் எழுதலாம். டிராஃபிக்சால் ஐ.டி.எஸ். டெக்னாலஜிஸ் என்ற எஸ்.எம்.இ. கம்பெனி 2024-ல் ஐ.பி.ஓ. (முதல் பங்கு வெளியீடு) வந்தது, விண்ணப்பங்கள் பல மடங்கு குவிந்தன. ஐ.பி.ஓ. பணத்தில் ஒரு பெரும் பகுதி மென்பொருள் வாங்க என்றார்கள். புகார் வந்து, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி தோண்டியபோது, அந்த மென்பொருளை விற்கவிருந்த நிறுவனமே பெயரளவு நிறுவனம் என்று தெரியவந்தது. பங்கு பட்டியலில் ஏறும் முன்பே நிறுத்தி, முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி 2024 டிசம்பரில் செபி உத்தரவிட்டது. இது தடுக்கப்பட்ட ஒன்று. எல்லாமே இப்படி வாசலிலேயே பிடிபடுவதில்லை.

அரசு ஆர்டர் விஷயம். ஆர்டர் வந்திருந்தால் எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) இணையதளத்தில் கம்பெனியின் அறிவிப்பு இருக்கும். அதில் மூன்று விஷயம் தேடுங்கள்: கொடுத்தது யார், எத்தனை ஆண்டுக்கு, இது ஆர்டரா புரிந்துணர்வு ஒப்பந்தமா. "ஒரு பிரபல வெளிநாட்டு வாடிக்கையாளர்" என்று பெயரில்லாமல் வந்தால் நான் அந்த அறிவிப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. 40 கோடி ஆர்டர் என்று தலைப்பு இருக்கும், உள்ளே ஐந்தாண்டுக்கு என்று இருக்கும்; வருடத்துக்கு 8 கோடி. அறிவிப்பே இல்லாமல் அட்மினுக்கு மட்டும் தெரிகிறது என்றால் இரண்டில் ஒன்று. பொய், இல்லையென்றால் உள் தகவல். உள் தகவலை வைத்து வாங்குவது சட்டப்படி குற்றம், வாங்குகிறவருக்கும்.

அட்மின் ஏன் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பல எஸ்.எம்.இ. பங்குகளில் ஒரு நாளைக்குப் பத்து இருபது லாட் கைமாறினாலே பெரிது. நிறைய வைத்திருக்கும் ஒருவர் வெளியேற வேண்டுமென்றால், வாங்க ஆள் திரட்டியாக வேண்டும். 2022-ல் யூடியூப் வீடியோக்களைப் போட்டு சாத்னா பிராட்காஸ்ட் என்ற சிறு பங்கை ஏற்றி விற்ற கதையைச் செபியின் உத்தரவுகளிலேயே படிக்கலாம். இடைக்கால உத்தரவு 2023 மார்ச்சில் வந்தது, இறுதி உத்தரவு 2025 மே மாதம். உச்ச விலையில் வாங்கியவர் அதுவரை என்ன செய்வது? அதற்கு எந்த உத்தரவிலும் பதில் இல்லை.

கேள்வி கேட்க வேண்டிய அமைப்பு எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்குக் காட்ட வேண்டும். ஏமாற்ற அதிக வாய்ப்புள்ள எஸ்.எம்.இ. கம்பெனிகளுக்கு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதுமாம்! அதையும் சாய்ந்து கிடக்கும் ஸ்கேன் பக்கமாக ஏற்றுகிறார்கள். ஒரு எண்ணைத் தேடி எடுக்க முடியாது. தமிழில் ஒரு வரி கிடையாது. 'முதலீட்டாளர் விழிப்புணர்வு' போஸ்டர் மட்டும் அழகாகத் தமிழில் அச்சாகிறது.

சத்துவாச்சாரிக்காரருக்கு வருவோம். நான் வாரம் தவறாமல் பார்க்கும் ஆசாமி இவர், ஊர் மட்டும் மாறும். சில நேரம் புரோக்கரின் ஏஜென்ட் என்று விசிட்டிங் கார்டு இருக்கும், சில நேரம் 'ஷேர் மார்க்கெட் அகாடமி' என்று மாடியில் போர்டு. அடுத்தவர் பணத்தைத் தன் முடிவில் கையாள, செபியில் பதிவு செய்த போர்ட்ஃபோலியோ மேனேஜராக இருக்க வேண்டும். லாபத்தில் பங்கு வாங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் ஒரு வாடிக்கையாளரிடம் 50 லட்சத்துக்குக் குறைவாக அவர்கள் வாங்கவே கூடாது. உங்கள் இரண்டு லட்சத்தை 20 சதவீதப் பங்குக்குக் கையாளுகிறேன் என்கிறவர், வாயைத் திறந்த உடனேயே விதியை மீறுகிறார். பரிந்துரை மட்டும் கொடுப்பவராக இருந்தாலும் பதிவு எண் வேண்டும்: ஆய்வாளருக்கு ஐ.என்.எச். என்றும் ஆலோசகருக்கு ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாதீர்கள், செபி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பெயர் வருகிறதா பாருங்கள். வந்தாலும், நஷ்டத்தை மீட்டுத் தருகிறேன் என்று உறுதி சொல்ல அவருக்கும் அனுமதி இல்லை.

பாஸ்வேர்டைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஆப்ஷன் வர்த்தகம், அதாவது விலை ஏறுமா இறங்குமா என்று சில நாளைக்குப் பந்தயம் கட்டுவது. நாலு நாள் லாபம் வரும், அவர் 20 சதவீதத்தை ஜிபேயில் வாங்கிக்கொள்வார். ஐந்தாம் நாள் நஷ்டம், அது முழுக்க உங்களுடையது. இல்லையென்றால், தன் கூட்டாளி விற்கத் துடிக்கும் செத்த பங்கை உங்கள் கணக்கில் வாங்கிப் போடுவார். வருமானவரி நோட்டீஸானாலும் செபி நோட்டீஸானாலும் உங்கள் பான் எண்ணுக்குத்தான் வரும். கேட்டால் "ஓ.டி.பி. நீங்கள்தானே சொன்னீர்கள்" என்பார்கள், புரோக்கரும் அதையே சொல்வார். ஆருத்ரா, ஐ.எஃப்.எஸ். என்ற நிதி நிறுவனங்களுக்கு மாத வட்டிக்குப் பணம் கொடுத்து நம் வட ஆற்காட்டில் எத்தனை வீடு அழுதது என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்கு ஆள் பிடித்தவர்களில் சிலர் இப்போது ஷேர் ஆலோசகர்களாக வலம் வருகிறார்கள் என்பது என் சந்தேகம். ஏற்கெனவே பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள், டிமேட் டி-பின்னையும் (பங்கை விற்க அனுமதி தரும் ரகசிய எண்) மாற்றுங்கள், செல் எண்ணும் இ-மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது அந்த 400 பங்குகள். எஸ்.எம்.இ. சந்தையில் லாட் கணக்கில்தான் விற்க முடியும். உங்கள் பங்குக்கு லாட் 1,000. போனஸில் வந்த 400 அதில் அடங்காததால் ஆர்டர் நிராகரிக்கப்படுகிறது. புரோக்கர் ஆபீசில் "ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லியிருப்பார்கள், பல பேருக்கு இந்த விதி தெரியாது. ஒவ்வொரு எஸ்.எம்.இ. பங்குக்கும் பட்டியலான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒரு மார்க்கெட் மேக்கர் கட்டாயம் இருக்க வேண்டும். வாங்கவும் விற்கவும் விலை காட்டுவது அவர் வேலை. லாட்டுக்குக் குறைந்த உதிரிப் பங்கு வைத்திருப்பவர் அதை இவரிடம் விற்கலாம். நிபந்தனை, அந்தக் கம்பெனியில் தன்னிடம் உள்ள மொத்தப் பங்கையும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் என்னிடம் உள்ளது என்று புரோக்கருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் மனைவி கணக்கில் வெறும் 400 மட்டுமே இருந்தால் இது பொருந்தும். 1,400 இருந்தால் முதலில் 1,000-ஐச் சந்தையில் விற்றுவிட்டு, மிச்சம் 400-ஐ இந்த வழியில் கொண்டுபோக வேண்டும். உங்கள் 2,000-ஐ இதோடு சேர்க்க முடியாது. பான் வேறு, கணக்கு வேறு. மார்க்கெட் மேக்கரின் பெயர் ஐ.பி.ஓ. ஆவணத்திலேயே இருக்கும். தொலைபேசியில் கேட்காதீர்கள், புரோக்கருக்கு இ-மெயில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த இ-மெயிலை இணைத்து செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம். 21 நாளில் நடவடிக்கை என்று விதி. நடைமுறையில் "புரோக்கர் பதில் அளித்துவிட்டார்" என்று ஒரு வரியில் முடித்துவைப்பார்கள். விடாமல் மறு ஆய்வு கேளுங்கள். சந்தேகம் இருந்தால் செபியின் கட்டணமில்லா எண் 1800 266 7575.

உங்கள் இரண்டு லாட்டில் ஒன்றை இப்போதே விற்கச் சொல்வேன். லோயர் சர்க்கியூட்டில், அதாவது அன்றைக்கு இறங்க அனுமதித்த கடைசி விலையில் வாங்க ஆளில்லாமல் நின்றால், முந்திப் போட்டவருக்கு முதல் இடம், ஆகவே காலை சந்தை திறந்ததும் ஆர்டர் போய்ச் சேர வேண்டும். நஷ்டத்தை வருமானவரி ரிட்டர்னில் கெடு தேதிக்குள் காட்டினால் எட்டு ஆண்டு வரை எதிர்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஆடிட்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு வழக்கமான வேலைதான். இரண்டாவது லாட்டை செப்டம்பர் அரையாண்டு ரிசல்ட் வரை வைத்திருங்கள். நவம்பர் 14-க்குள் அது வந்தாக வேண்டும். பாக்கி 19 கோடியிலிருந்து குறைந்து, அடைப்புக்குறி மறைந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அதையும் விற்றுவிடுங்கள், அட்மின் அன்று எந்த ஆர்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் சரி.