கீபோர்டின் ஓசையைத் திருத்துவது எப்படி? எல்லைப்புற நண்பர்களுக்குப் பதில்கள்

வாளையாரிலிருந்து கோவிந்தாபுரம் வரை, பாலக்காட்டு எல்லையோரத் தமிழர்கள் பலர் மெக்கானிக்கல் கீபோர்டின், அதாவது ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் உள்ள கீபோர்டின், ஓசை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒன்று போலிருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, எழுத்து விசைகள் நன்றாக ஒலிக்கின்றன. ஸ்பேஸ் பாரும் என்டரும் மட்டும் தகரம் போலச் சடசடக்கின்றன. ஸ்விட்சுகளை மாற்றிவிடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

வேண்டாம் தம்பி, பணம் பையிலேயே இருக்கட்டும். நீளமான விசைகள் ஒரு பக்கம் சாயாமல் இறங்க அடியில் ஸ்டெபிலைசர் இருக்கிறது: இரு பக்கமும் பிளாஸ்டிக் கூடு, இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. கம்பியின் முனை கூட்டுக்குள் ஆடுவதால்தான் இந்தச் சடசடப்பு. ஸ்பேஸ் பாரின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் மாறி மாறித் தட்டிப் பார். எந்தப் பக்கம் இரைகிறது என்று காதே சொல்லிவிடும். விசையின் மேல்மூடியான கீகேப்பைக் கழற்றி, கம்பி கூட்டுக்குள் நுழையும் முனைகளில் மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸைத் தாராளமாகத் தடவு. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசும் இடங்களுக்கு மெல்லிய பூச்சு போதும்.

அதன் பிறகும் ஒரு பக்கம் அடங்கவில்லையென்றால் கம்பியே கோணலாக இருக்கலாம். வெளியே எடுத்துக் கண்ணாடி மேல் வை. ஒரு முனை தூக்கி நின்றால் விரலால் மெல்ல வளைத்துச் சமப்படுத்து. ஆங்கில எழுத்து வழியாகத் தமிழ் அடிப்பவர்கள் ண, ள, ற என்று ஷிப்டை ஓயாமல் அழுத்துகிறார்கள். நீயும் அப்படியென்றால் ஷிப்டையும் இதே கையோடு முடித்துவிடு. தமிழ்99 பழகியவர்களுக்கு அந்த வேலை குறைவு. ஸ்டெபிலைசரைச் சரிசெய்யாமல் வேறு எதற்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்விட்சுக்குள் தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் எப்போதும் இருக்கிறதே. (சித்தூர்)

ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். மார்கழிக் காலையில் கட்டியாகி விசையைப் பிடிக்கும். சித்திரை வெயிலில் உருகி உள்ளிருக்கும் உலோகத் தகட்டுக்கு வழியும். நாள்பட்டால் சிக்கு வாடையும் பிசுக்கும் மிச்சம்.

எண்ணெய்க்குப் பதில் ஸ்விட்சுக்கென்றே உள்ள கிரீஸ் வாங்குங்கள். தடையின்றி நேராக இறங்கும் சிவப்பு வகை ஸ்விட்சுக்கு கிரைடாக்ஸ் 205ஜி0 நல்லது. நடுவில் மேடு தட்டுப்படும் பழுப்பு வகைக்கு அதைவிட மெல்லிய ட்ரைபோசிஸ் 3203 போதும். ஸ்விட்சைத் திறந்து, கீழ்க்கூட்டின் உட்பக்கத் தடங்கள், ஸ்பிரிங்கின் முனைகள், கீகேப்பைத் தாங்கி மேலும் கீழும் போகும் தண்டின் பக்கங்கள் ஆகியவற்றில் சிறு தூரிகையால் பூசுங்கள். பூசிய இடம் லேசாக மினுங்க வேண்டும். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. பழுப்பு வகையில் உலோகத் தகட்டை உரசும் தண்டின் கால்களைத் தொடாதீர்கள், மேடு மழுங்கிவிடும். கணவாய்க் காற்று வீசும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொண்டால் சன்னலை அடைத்துவிட்டு உட்காருங்கள். கிரீஸில் ஒட்டிய கரிசல் தூசி லேசில் போகாது.

டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஓசை வேண்டும். நீல ஸ்விட்சுக்கு கிரீஸ் பூசினால் இன்னும் கணீரென்று இருக்குமா? (வேலந்தாவளம்)

பூசினால் மங்கித்தான் போகும் ஐயா. செரி எம்எக்ஸ் நீலத்தில் தண்டு இரண்டு துண்டு. கீழ்த்துண்டு சட்டென்று விழுந்து மோதும் ஓசையே அந்த 'கிளிக்'. கிரீஸ் அந்த மோதலை மெத்தென்று ஆக்கிவிடும். கெய்ல் பாக்ஸ் ஒயிட் வகையில் துண்டுக்குப் பதில் ஒரு கம்பி இருக்கிறது. அழுத்தும்போதும் விடும்போதும் ஒலிக்கும், ஓசையும் கூர்மை. பாக்ஸ் ஜேடில் கம்பி தடிமன் என்பதால் இன்னும் அழுத்தமாகக் கேட்கும். உங்கள் விருப்பத்துக்கு ஜேடைத்தான் சொல்வேன்.

என் கீபோர்டின் வெளிக்கூடு அலுமினியம். அடித்து நிறுத்திய பிறகும் ஒரு ரீங்காரம் நிற்கிறது. (வாளையார்)

முதலில் ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு ஸ்விட்சைக் கழற்றிக் காதருகே வைத்து அழுத்துங்கள். அதிலேயே ரீங்காரம் கேட்டால் ஸ்பிரிங்தான் காரணம். ஸ்பிரிங்குகளை ஒரு பையில் போட்டு, கிரைடாக்ஸ் 105 எண்ணெய் சில துளிகள் விட்டுக் குலுக்கினால் அடங்கும். கேட்கவில்லையென்றால் கூடுதான் அதிர்கிறது. மேல்கூடும் கீழ்க்கூடும் சேரும் திருகு முனைகளில் சிறு டேப் துண்டுகள் ஒட்டி, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பாருங்கள். சர்க்யூட் பலகையின் பின்புறம் இரண்டு மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஓசை கனமாகும். கூடு முழுக்க ஃபோம் திணிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ரீங்காரத்தோடு கீபோர்டின் சொந்தக் குரலும் செத்துவிடுகிறது.

கோவையில் விடுதி வாசம். இரவில் அறைத் தோழன் திட்டுகிறான். (மீனாட்சிபுரம்)

சைலண்ட் ஸ்விட்ச் வாங்கு. தண்டிலேயே ரப்பர் மெத்தை இருக்கும். ஓ-ரிங் மாட்டினால் கீழே இடிக்கும் ஓசை மட்டுமே குறையும், மேலே திரும்பும் ஓசை அப்படியே இருக்கும்.

வீடியோவில் கேட்ட அதே ஸ்விட்ச், அதே கீபோர்டு வாங்கினேன். என் வீட்டில் அந்தக் கனமான 'தொக்' வரவில்லையே அண்ணா? (கோவிந்தாபுரம்)

நீ கேட்டதில் மைக்கும் மேசையும் அறையும் கலந்திருக்கின்றன தம்பி. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் கீச்சொலியைத் திருப்பி அனுப்பும். இன்றே ஒரு தடித்த துண்டை மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்து அடித்துப் பார். வித்தியாசம் தெரிந்தால் மேசை விரிப்பு ஒன்று வாங்கு. தெரியவில்லையென்றால் கீகேப்பைக் கவனி: மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால், 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிபிடி என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் கீகேப் போடும்போது குரல் இறங்கும்.