38 வயதில் பத்தாவது: தனித்தேர்வா, திறந்தநிலைப் பள்ளியா, டுடோரியலா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 38, பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுவிட்டது. அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுத ஆசை. கணக்கு என்றாலே பயம். "திறந்தநிலைப் பள்ளியில் கணக்கில்லாமல் பத்தாவது, அடுத்து நேராக டிகிரி" என்கிறார்கள் ஒரு டுடோரியலில். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். டிகிரியையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். குரூப் 4-இல் இளநிலை உதவியாளர் போன்ற பெரும்பாலான பதவிகளுக்குக் கல்வித்தகுதி பத்தாவதுதான். ஆனால் உங்கள் வகுப்புக்கு அந்தப் பதவிகளில் வயது வரம்பு 34. அதைத் தாண்டியவர் பிளஸ் டூ போல ஒரு படி மேலான தகுதி வைத்திருந்தால் வரம்பு தளர்ந்துவிடும். (பொதுப்பிரிவினருக்கு இந்தச் சலுகை இல்லை, எல்லா வகுப்பிலும் ஆதரவற்ற விதவைகளுக்கு உண்டு.) ஆக, உங்களுக்குத் தேவை பத்தாவதும் பிளஸ் டூவும்.

நேராக டிகிரி என்பது பெரிய பொறி. 2009-இல் வந்த பணியாளர் நலத்துறை அரசாணை 107-இன்படி, பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தைத்தான் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பார்கள். இந்த வரிசை தெரியாமல் பட்டம் வாங்கிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வருபவர்கள் உண்டு.

இனி எங்கே படிப்பது? தேசிய திறந்தநிலைப் பள்ளி நல்ல ஏற்பாடு. ஐந்து பாடங்களை நாமே தேர்ந்துகொள்ளலாம், கணக்கு கட்டாயமில்லை. பதிவு 5 ஆண்டு செல்லும், அதற்குள் 9 வாய்ப்பு. ஏப்ரலில் இரண்டு பாடம், அக்டோபரில் இரண்டு என்று பிரித்து எழுதலாம். 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. வீட்டிலிருந்து எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்புகளுக்கே 20 சதவீதம். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்: புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு ஒப்படைப்புத் தேதியைத் தவற விடுவார்கள். வெளிநாட்டு வேலைக்கு, குடியேற்ற அனுமதி முத்திரை தேவைப்படாத பாஸ்போர்ட்டுக்காகப் பத்தாவது கேட்பவருக்கு இந்தத் திறந்தநிலைப் பள்ளியையே சொல்வேன்.

ஆனால் உங்கள் குறி மாநில அரசு வேலை. அதற்கு, தமிழகப் பத்தாவது, பிளஸ் டூ தேர்வுகளை நடத்தும் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சான்றிதழ் கையில் இருந்தால் இணைத்தன்மை, அதாவது அது தமிழகப் பத்தாவதுக்குச் சமமா என்ற கேள்வியே எழாது. கணக்கை விட்டு ஓடுவதிலும் லாபமில்லை. குரூப் 4-இன் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்கு. சதவீதம், விகிதம், வட்டி எல்லாம் பத்தாவது தரம். இப்போது தப்பித்தால் அப்போது மாட்டுவீர்கள்.

அதனால் பள்ளியில் சேராமல், நேரடித் தனித்தேர்வராக அரசுப் பொதுத்தேர்வை எழுதுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஐந்தும் எழுத வேண்டும், ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். ஏதாவது போனால் அதை மட்டும் துணைத்தேர்வில் மறுபடி எழுதலாம். தேறியவை அப்படியே நிற்கும்.

தனித்தேர்வர்கள் சறுக்குவது அறிவியலில். எழுத்துத்தேர்வு 75, செய்முறை 25. பள்ளியில் படிக்காதவர்கள் செய்முறைப் பயிற்சிக்குத் தனியே பெயர் கொடுத்து, ஒதுக்கும் பள்ளிக்குப் போய் வருகைப்பதிவு பெற வேண்டும். பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரலில் நடக்கும். செய்முறைப் பதிவோ பல மாதம் முன்பே முடிந்துவிடும். தேர்வு விண்ணப்பம் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் போச்சு. ஜூன் பிறந்ததுமே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். பயிற்சி நாட்களுக்கு கம்பெனியில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஷிப்ட் மாற்ற வசதியாக இருக்கும்.

பிளஸ் டூவுக்கும் இதே தனித்தேர்வு வழிதான். வரலாறு, பொருளியல், வணிகவியல் போலச் செய்முறை இல்லாத பாடங்களாக எடுங்கள்.

டுடோரியல் சொல்லிக்கொடுக்கும், சான்றிதழ் தராது. கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் மாலை வகுப்பு போதும், மாதாமாதம் கட்டுங்கள். "எழுதாமலே பாஸ்" என்றோ, கேள்விப்படாத ஏதோ வாரியத்தின் பெயரிலோ சான்றிதழ் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் மாற்றுச் சான்றிதழை (டி.சி.) யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்; நகல் போதும்.

அந்த மாற்றுச் சான்றிதழ் இல்லையென்றால் படித்த பள்ளியிலேயே எழுதிக் கேளுங்கள். வந்ததும் ஆதாரோடு ஒப்பிடுங்கள்: பிறந்த தேதி, பெயரின் எழுத்து, இனிஷியல் யாருடையது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல் ஏறியிருக்கும், பள்ளியில் அப்பாவுடையது இருக்கும். பல அரசுப் பதிவுகளுக்குப் பத்தாவது சான்றிதழே அடிப்படை. அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைச் சரிசெய்துவிடுங்கள்.