டிரெய்லர் டயருக்கு வீல் பேலன்சிங் தேவையா?

கேள்வி: பொலேரோவுக்குப் பின்னால் இழுத்துப் போக, இரண்டு சக்கரம் கொண்ட சின்ன கேரவன் டிரெய்லர் வைத்திருக்கிறோம். குடும்பத்தோடு வேளாங்கண்ணி, ஏற்காடு என்று போய்வருவோம். இப்போது டயர் மாற்றியபோது வீல் பேலன்சிங் கேட்டேன். "டிரெய்லருக்கு எதுக்கு சார், ஸ்டியரிங்கா ஆடப்போகுது?" என்றார் கடைக்காரர். ஆனால் கழற்றிய டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தது. உள்ளே அலமாரித் திருகுகளும் அடிக்கடி கழன்றுவிடுகின்றன. காசு கொடுத்து பேலன்சிங் செய்யலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில் (புதுச்சேரி முதலியார்பேட்டையில் டயர் பட்டறை நடத்துபவர்): செய்யுங்கள் சார். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கும்படி ரிம்மில் சின்னச் சின்ன வெயிட் வைப்பதுதான் பேலன்சிங். ஸ்டியரிங் ஆடாது என்பது உண்மைதான், அதனால்தான் செய்யச் சொல்கிறேன். காரின் முன்சக்கரம் ஆடினால் உங்கள் கைக்கு உடனே தெரியும், மறுநாளே கடைக்கு வருவீர்கள். டிரெய்லருக்குள் ஓட்டும்போது யாரும் உட்கார்வதில்லை. அந்த அதிர்வு முழுவதையும் திருகும், கேஸ் குழாய் இணைப்பும், பேரிங்கும்தான் வாங்கிக்கொள்கின்றன.

கணக்கைப் பாருங்கள். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 50 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமார் நாலரை கிலோ விசையாக மாறும். சக்கரம் நொடிக்குப் பதினொரு முறைக்கு மேல் சுற்றுவதால், அத்தனை முறையும் அச்சை மேலும் கீழும் உலுக்கும். 40-இல் போனால் இதில் கால்வாசிதான். ஊருக்குள் மட்டும் ஓடும் டிரெய்லருக்கு பேலன்சிங் அவ்வளவு முக்கியமில்லை என்பது இதனால்தான். நீங்கள் ஏற்காடு வரை போகிறவர். சின்ன டிரெய்லர்கள் பலவற்றில் பட்டை ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கும், ஷாக் அப்சார்பர் இருக்காது. ஒருமுறை துள்ளிய சக்கரம் சீக்கிரம் அடங்காது. துள்ளித் துள்ளி ரோட்டில் தேயும் டயர்தான் இப்படித் திட்டுத்திட்டாகும்.

ஆனால் பழியை உடனே பேலன்சிங் மேல் போட்டுவிடாதீர்கள். பேரிங் ஆட்டம் கண்டிருந்தாலும் இதே திட்டுதான் விழும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு சாக்பீஸை ரிம் ஓரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். சில இடத்தில் மட்டும் கோடு விழுந்தால் ரிம் வளைந்திருக்கிறது. எத்தனை வெயிட் ஒட்டினாலும் அது சரியாகாது. ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் முதலில் சுரண்டுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகி, அதுவும் அதிரும்.

கடையில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். டிரெய்லர் ரிம்கள் பல, நடு ஓட்டையை வைத்து இல்லாமல் போல்ட் ஓட்டைகளை வைத்தே ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் அச்சின் முனையில்) நடுவாக உட்காரும். மெஷினில் நடு ஓட்டைக்குள் கூம்பைத் தள்ளி மாட்டினால், சக்கரம் இம்மி விலகி உட்கார்ந்து கணக்கே தப்பாக வரும். போல்ட் ஓட்டையில் பிடிக்கும் தகடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வேலையைக் கொடுங்கள். பழக்கமில்லாத கடையில் இதைக் கவனிக்காமல் செய்துவிட்டு, "பேலன்சிங் பண்ணியும் பிரயோஜனமில்லை" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரும்பு ரிம் என்றால் ஓரத்தில் அடிக்கும் வெயிட்டே போதும். ஒட்டும் வெயிட் என்றால், கடல் காற்றில் துருப்பிடித்த ரிம்மை நன்றாகத் தேய்த்துத் துடைத்த பிறகே ஒட்டச் சொல்லுங்கள்.

டிரெய்லர் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் காற்றுக் குறைவும் கூடுதல் சுமையும்தான். வண்டி ஓடி டயர் சூடாகும் முன், காலையில் காற்றைப் பாருங்கள். தண்ணீர், கேஸ், சாமான் எல்லாம் ஏற்றி ஒருமுறை எடை மேடையில் நிறுத்தி, டயர் தாங்கும் எடைக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புது டயராக இருந்தாலும் பக்கச் சுவரில் நாலு இலக்கத்தைத் தேடுங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கேரவன் டயருக்குத் தேய்மானத்தைவிட வயதுதான் முதலில் வரும்.

மாட்டிய பிறகு 50 கிலோமீட்டர் ஓடியதும், சிதம்பரம் பக்கம் டீக்கு நிறுத்தும்போது, நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். கடைக்குப் போகும்போது ஸ்டெப்னியையும் எடுத்துப் போய் சேர்த்தே பேலன்சிங் செய்துவிடுங்கள்.